வெட்டி வேலையும் தமிழ்த் தொண்டும்

தமிழில் கூலியில்லாத வேலைக்கும் பயனில்லாத வேலைக்கும் ஒரே பெயர்தான்: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில், ஊர்மேல் சுமத்தப்பட்ட கடமைகளின் பட்டியலில் 'வெட்டி' திரும்பத் திரும்ப வருகிறது. காசு கொடுக்காமல் ஆளைப் பிடித்து வேலை வாங்குவதற்கு அன்றைய அரசு வைத்திருந்த பெயர் அது. அந்த வேலை கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதற்கு 'வெட்டியான்' என்கிற சொல்லே சாட்சி. சாவுச் சேதி சொல்ல, குழி வெட்ட, பிணம் எரிக்க, செத்த மாட்டை இழுத்துப் போட, அதிகாரி வந்தால் மூட்டை தூக்க என்று ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவனுக்குக் கூலி கிடையாது. களத்தில் நாலு படி தானியம் அளப்பார்கள். அந்தத் தானியத்துக்கு ஊர்க்கணக்கில் வைத்த பெயர் 'சுதந்திரம்'. நம்மை அடிமையாக வைத்திருந்தவர்கள் அதற்குக் கொடுத்த பிச்சைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்!

இந்தப் பழைய கதை இப்ப எதுக்குன்னு கேட்பீங்க. சில வருடங்களாகத் தமிழ்க் கணிமை பற்றிய கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். போகிற மேடையிலெல்லாம் இரண்டு சொற்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று 'தன்னார்வம்'. இன்னொன்று 'தமிழ்த் தொண்டு'. மேடையில் இருப்பவர் இந்த இரண்டையும் சொல்லும்போது என் காதில் 'வெட்டி' என்றுதான் விழுகிறது. ஏன் அப்படி விழுகிறது, அதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் செல்போனில் தமிழ் அடிக்கிறோம், பழைய இலக்கியத்தைக் காசில்லாமல் இறக்கிப் படிக்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் கூலி வாங்காத பலருடைய உழைப்பு இருக்கிறது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு அதைச் செய்தார். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். 2006இல் இறந்தும் போனார். எ-கலப்பை செய்தவர்கள், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்கள், 2005இல் தொடங்கி ஈழத்து அச்சுப் பிரதிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த நூலகம் குழுவினர், 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் தோழர்கள், இவர்களில் யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இவர்கள் உழைப்பை எடுத்துத் தின்றுவிட்டு ஒரு பைசா திருப்பித் தராதவர்கள் மேல்தான் என் கோபம். 'இவர்கள் செய்த மாதிரி நீயும் செய்' என்று, நேரம் இருப்பவனையும் இல்லாதவளையும் ஒரே வரிசையில் நிறுத்தி உபதேசம் பண்ணுகிறவர்கள் மேல்தான் என் கோபம்.

*

எங்கள் பிரச்சினை ஒரு பழைய கணினியில் இருந்து ஆரம்பித்தது.

திருப்பூரில் 1990களில் நோட்டீஸ், துண்டறிக்கை, சிறுவெளியீடு அடித்துக் கொடுத்த ஒரு டிடிபி கடையை மூடினார்கள். கடைக்காரர் பழைய ஹார்டு டிஸ்க்கை எங்கள் படிப்பகத்துக்குக் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பனியன் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைகள். டீக்கடை இரட்டைக் குவளை பற்றி ஊர் ஊராகப் போய் எடுத்த விவரங்கள். 1997 மேலவளவுப் படுகொலைக்கும் 1999 தாமிரபரணிச் சாவுகளுக்கும் எங்கள் பகுதியில் போட்ட கண்டன நோட்டீஸ்கள். உண்மை அறியும் குழு அறிக்கைகள். அருந்ததியர் தெருக்களில் பெண்கள் சொல்லி யாரோ எழுதிக்கொண்ட வாக்குமூலங்கள். அச்சில் வந்த பிரதிகள் கரையான் தின்றும், பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போயும் தொலைந்துவிட்டன. மிச்சம் இருந்தது இந்த டிஸ்க்தான்.

திறந்தால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. காரணம் எளிது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களுக்குப் பொதுக் குறியீடு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டத்துக்குத் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தது. ஒன்றில் 'அ' இருக்கிற இடத்தில் இன்னொன்றில் 'ம' இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் அரசு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் வகுத்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோதுதான் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை வந்தது. அதற்கு முன்னால் அடித்ததெல்லாம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பை.

இந்தக் குப்பையைத் தமிழாக்குவதற்கு 'எழுத்துரு மாற்றி' என்று சில மென்பொருள்கள் உண்டு. தனி ஆட்கள், சம்பள வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதியவை. அப்படி ஒன்றை எடுத்துப் போட்டோம். தமிழ் வந்தது, ஆனால் ஊனமாக வந்தது. 'வெளியே' என்பது 'வௌியே' ஆனது. ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் 'ள' வந்தால் அதை 'ஔ' வரிசை என்று மென்பொருள் தப்பாக எடுத்துக்கொள்கிறது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். ஒருங்குறியில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. இந்த வரிசையைச் சில எழுத்துருக்களுக்கு அந்த மாற்றி சரியாக மாற்றவில்லை. கண்ணால் பார்த்தால் ஏறக்குறைய தமிழ் மாதிரிதான் இருக்கும். ஆனால் தேடிப் பார்த்தால் கிடைக்காது. ஒரு படுகொலையைப் பற்றிய அறிக்கையில் 'கொலை' என்று தேடினோம். கோப்பில் கொலையே இல்லை என்று கணினி சொன்னது.

சாதி இந்துக்களின் நீதிமன்றங்களும் போலீசும் எத்தனையோ முறை நம்மிடம் சொன்ன வாசகம் இது. இந்த முறை ஒரு கவனிப்பாரற்ற மென்பொருள் சொல்லியது.

அந்த மாற்றியை எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் மேல் தப்பில்லை. மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் வைத்திருந்தார். கடைசியாக அதில் கை வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் படிப்பகத்தில் பி.சி.ஏ. படித்துவிட்டு பனியன் கம்பெனியில் செக்கிங் போகிற ஒரு தம்பி இருந்தான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், 2011க்குப் பிறகு அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் ஒன்றில் உட்கார்ந்து, பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தியும் அனுப்பினான். பல மாதம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது: "எனக்கு வேலையும் குடும்பமும் சரியாக இருக்கிறது தம்பி, நீங்களே எடுத்து நடத்துங்கள்." நல்ல மனசோடு சொன்ன பதில்தான். ஆனால் எடுத்து நடத்துவது என்றால் என்ன? ஒரு தடவை திருத்துவது அல்ல. யாரோ ஒருவர் புதுப் புதுப் பழைய எழுத்துருவோடு வருவார். விண்டோஸ் மாறும், நிரல்மொழி மாறும். மாடு கட்டியவன் தினமும் தண்ணி காட்டணும். அந்தத் தம்பிக்கு அக்கா கல்யாணக் கடன். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். மூன்று மாதத்தில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டான்.

*

இந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியில் நடந்த கூட்டத்துக்குப் படிப்பகத்திலிருந்து நாலு பேர் போனோம். பேசியவர் நல்லாவே பேசினார். கடைசியில், "ஆளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்கள், போதும்" என்றார். எங்களோடு வந்த பெண் எழுந்து கேட்டாள்: "சாருங்க, அந்த ரெண்டு மணி நேரத்த எந்த சிப்டுல இருந்து எடுக்கறதுங்க?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திருப்பூர்க் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அவள் கேட்டது புரியும். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே. பிறகு கம்பெனி வேன், தண்ணி பிடிப்பது, சோறாக்குவது. இதில் 'ஓய்வு நேரம்' என்று ஒரு சரக்கு எங்கே கிடக்கிறது?

'தன்னார்வம்' என்பது ஆர்வத்தைப் பற்றிய சொல் போலத் தோன்றும். உண்மையில் அது நேரத்தைப் பற்றிய சொல். நேரம் சாதியைப் பொறுத்தது. அப்பன் சேர்த்து வைத்த வீடு, வாடகை வருமானம், மாதச் சம்பளம், வீட்டில் சோறாக்கிப் போட ஒரு பெண், இதெல்லாம் இருப்பவனுக்குத்தான் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சாயங்காலத்தில் அவன் செய்வதைத் தொண்டு என்கிறார்கள். நமக்கு ஆர்வம் இல்லை என்று சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் செய்யும் தொண்டு வீண்போவதில்லை. எந்த மென்பொருளில் என்ன திருத்தினான் என்பது அவன் பெயரோடு பதிவாகிறது. நாளை ஐ.டி. கம்பெனியில் அதைக் காட்டி வேலை வாங்குவான், சம்பளம் ஏற்றுவான், வெளிநாடு போவான். அதில் தப்பில்லை, போகட்டும். ஆனால் அதற்குப் பெயர் முதலீடு. திருப்பூரைப் பற்றி ஆய்வு செய்த ஷரத் சாரி 2004இல் வந்த தன் புத்தகத்தில், இங்குள்ள கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற சொல்லை எப்படி முன்வைக்கிறார்கள் என்று விரிவாக எழுதினார். உழைத்தார்கள்தான். ஆனால் அவர்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கிடந்த மாதாரியும் உழைத்தான். ஒருவன் உழைப்பு கம்பெனியானது. இன்னொருவன் உழைப்பு உழைப்பாகவே இருந்து செத்தது. மென்பொருள் தொண்டிலும் அதே கதை ஓடுகிறது.

வேலைப் பிரிவினையையும் பாருங்கள். பனியன் கம்பெனியில் டைலருக்குப் பக்கத்தில் கைமடிக்கு ஒரு ஆள் இருப்பாள். துணியை மடித்துக் கொடுப்பது, எடுத்து அடுக்குவது. அப்படியே பார்த்துப் பழகி மிஷினில் ஏறணும் என்பது கனவு. வருடக்கணக்கில் கைமடியாகவே இருந்து வயசானவர்கள் உண்டு. தமிழ்க் கணிமையில் நம் பிள்ளைகளை எங்கே வைக்கிறார்கள்? பழைய புத்தகத்தை ஸ்கேன் எடு, பிழை திருத்து, குரல் பதிவு பண்ணிக் கொடு. எல்லாம் கைமடி வேலை. நிரல் எழுதுவது, எதைச் செய்வது எதை விடுவது என்று முடிவெடுப்பது, மேடையில் பேசுவது எல்லாம் அவர்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று 1936இல் பாபாசாகேப் எழுதினார். அதைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்தாயிற்று.

'தமிழுக்காக' என்ற வாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அருந்ததியர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்கள் நிறைய. அதைக் காரணம் காட்டி எங்களை வந்தேறிகள் என்று மேடை போட்டுப் பேசியவர்கள் உண்டு. வேலை வாங்கும்போது மட்டும் நாங்கள் தமிழர்கள் ஆகிவிடுகிறோம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, இதெல்லாம் தமிழா, கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று ஒரு பிழைதிருத்தியில் நம் பேச்சைப் போட்டுப் பாருங்கள். வரிக்கு வரி சிவப்புக் கோடு விழும். அந்தச் சொற்பட்டியலில் எந்தச் சொல் இருக்கணும் என்று முடிவு செய்த இடத்தில் நாம் இல்லை. கவனிப்பாரற்ற மென்பொருளில் பங்கெடுப்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நம் சாட்சியத்தைத் திறக்கும் சாவியும், நம் பேச்சைப் பிழை என்று சொல்லும் கோடும் அந்த இடத்தில்தான் செய்யப்படுகின்றன.

*

1928இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1874ஆம் வருடத்துப் பரம்பரைப் பதவிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு 'வதன்' என்று கொஞ்சம் நிலம். அதற்குப் பதிலாக எந்த நேரத்தில் எந்த அதிகாரி கூப்பிட்டாலும், மகர் மட்டுமல்ல, அவன் வீட்டில் இருப்பவர்களும் ஓட வேண்டும். அந்த வதனைப் பெருமை என்றும் உரிமை என்றும் நம்பவைத்திருந்தார்கள். அம்பேத்கர் அந்தப் பெருமையை உடைத்தார். வேலை வேண்டுமென்றால் ஒழுங்கான கூலி கொடு, வேண்டாம் என்பவனை நிலத்தோடு விடுவி என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கூலி கேட்பதால் வேலையின் மதிப்புக் குறையும் என்று அவர் நினைக்கவில்லை. கூலி இல்லாத இடத்தில் மனிதனின் மதிப்புக் குறைகிறது என்று நினைத்தார்.

கூலி இல்லாத உழைப்பின் மேல் கட்டிய வீடு எப்படி இடியும் என்பதற்கு உலகத்திலேயே சாட்சி இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்று ஒரு மென்பொருள். வங்கி முதல் அஞ்சல் வரை இணையத்தில் போகிற ரகசியங்களைப் பூட்டி வைப்பது அது. உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்தின. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோதுதான், அந்த மென்பொருளுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது, முழுநேரமாக அதில் வேலை செய்தவர் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரிந்தது. தீப்பிடித்த பிறகு கம்பெனிகள் ஒன்றுகூடி ஆளுக்கு வருடம் ஒரு லட்சம் டாலர் தருவதாக அறிவித்தன. பத்து வருடம் கழித்து 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற இன்னொரு மென்பொருளில் கள்ள வழி வைத்திருந்தது பிடிபட்டது. பின்லாந்தில் ஒரு தனி மனிதர், சம்பளமில்லாமல், களைத்துப்போய் அதைக் காத்துவந்தார். உதவிக்கு வருகிறேன் என்று வந்து வருடக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பொய்ப்பெயர்தான் அந்த வழியை வைத்தது. அமெரிக்கக் கம்பெனிகள் நம்பியிருக்கும் மென்பொருளுக்கே இந்தக் கதி என்றால், தலித் நோட்டீஸைப் படிக்க உதவும் ஒரு தமிழ் எழுத்துரு மாற்றியை யார் சீந்துவார்?

பணம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பெங்களூரின் பங்கு வணிக நிறுவனமான ஜெரோதா 2024இல் கட்டற்ற மென்பொருள்களுக்கு வருடம் பத்து லட்சம் டாலர் என்று நிதி அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் இந்த மாதிரி நிதிகள் உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருள்களைப் பார்த்துத்தான் போகும். நம்முடையது நம் தெருவுக்கு மட்டும் தேவைப்படுவது. வள்ளல் மனசு வைத்தால் என்று காத்திருக்க முடியாது. தமிழ் மென்பொருளைச் சும்மா எடுத்துப் பயன்படுத்துகிற அரசு, பல்கலைக்கழகங்கள், பத்திரிகை நிறுவனங்கள், பதிப்பகங்கள், இவர்களைக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

கணக்கில் கொண்டுவர முடியுமா? முடியும் என்று இந்த ஆடைத் தொழிலே காட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் அவளுடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டாள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அனுதாபச் செய்தியையோ அறக்கட்டளைப் பணத்தையோ வாங்கிக்கொண்டு ஓயவில்லை. 2022 ஏப்ரலில் தொழிற்சாலை முதலாளியையும், ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு பிராண்டையும் எழுத்தில் கட்டிப்போடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். 'நாங்கள் நல்லவர்கள்' என்று பிராண்டு சொன்னதை நம்பாமல், மீறினால் வியாபாரம் நிற்கும் என்று எழுதி வாங்கினார்கள். நன்கொடைக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நன்கொடை அவன் மனசைப் பொறுத்தது. ஒப்பந்தம் நம் பலத்தைப் பொறுத்தது.

*

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

'காசு வந்தால் அர்ப்பணிப்புப் போய்விடும்' என்பார்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி கேட்டவர்களுக்கு அர்ப்பணிப்பு இல்லையா? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மனே, விடுதலையைத்தான் பேசுகிறேன், விலையை அல்ல என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவருகிறார். இலவசம் வேறு, விடுதலை வேறு. நமக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு படி தானியத்தைச் சுதந்திரம் என்று வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

'என்ஜிஓ மாதிரி ஆகிவிடும்' என்பது நம் தோழர்களின் பயம். நியாயமான பயம். மூன்று வருடப் புராஜக்ட் வரும், ஆபீஸ் வரும், ஜீப் வரும். மூன்றாம் வருடம் எல்லாம் போகும், தெருவில் ஒரு போர்டு மட்டும் நிற்கும். அதனால்தான் பணத்தின் முதல் பங்கு நம் கையிலிருந்து வரணும் என்கிறேன். 1907இல் அயோத்திதாசர் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். பெயரிலேயே விலை, விலையிலேயே வாசகன். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள். அவர் போன பிறகு அவர் எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டுக் காத்ததும் அந்தக் கோலார்ப் பக்கத்து சித்தார்த்தா புத்தகசாலைதான். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்க கோலாப்பூர் சாகு மகராஜா 2500 ரூபாய் கொடுத்தார். அதையும் பாபாசாகேப் வாங்கிக்கொண்டார். வெளிப்பணம் தீட்டு என்று நாம் சொல்லவில்லை. எதை எழுதுவது என்ற முடிவு யார் கையில் என்பதுதான் கேள்வி.

'சோத்துக்கே வழியில்ல, இதுல சாப்ட்வேரா?' என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். சோற்றுக்கு வழியில்லாத காலத்தில்தான் அயோத்திதாசர் அச்சகம் வைத்தார், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். அன்றைக்கு அச்சு எழுத்து என்னவோ இன்றைக்கு மென்பொருள் அதுதான்.

'இனி செயற்கை நுண்ணறிவு எல்லாத்தையும் சரிபண்ணிடும்' என்பது புது வாதம். அந்த இயந்திரம் ஏற்கெனவே கணினியில் இருக்கும் எழுத்தைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறது. நம் எழுத்து டிஸ்க்குக்குள் குப்பையாகக் கிடக்கும்போது அது எதைப் படிக்கும்? தெரியாத இடத்தில் தானாகச் சொல் போட்டு நிரப்பும் பழக்கமும் அதற்கு உண்டு. ஒரு பெண் கொடுத்த வாக்குமூலத்தில் அவள் சொல்லாத ஒரு சொல்கூட நுழையக் கூடாது. அதைப் பார்க்க மனிதக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குக் கூலி வேண்டும்.

*

இனி என்ன செய்வது? எங்கள் படிப்பகத்தில் பேசி எழுதிய திட்டத்தை இங்கே வைக்கிறேன். குறை இருந்தால் எழுதுங்கள்.

முதலாவது, வேலையைப் பீஸாகப் பிரிப்பது. ஒரு எழுத்துருவின் அட்டவணை ஒரு பீஸ். திருத்திச் சரிபார்த்த ஒரு பக்கம் ஒரு பீஸ். ஒரு பிழையைக் கண்டுபிடித்து விளக்கமாக எழுதுவதும் ஒரு பீஸ். பீஸ் ரேட்டின் நல்லதும் கெட்டதும் திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். 'டேமேஜ்' என்று சொல்லிக் கூலியைப் பிடிக்கும் தந்திரமும் தெரியும், நடுவில் நிற்கும் காண்ட்ராக்ட்காரனையும் தெரியும். அதனால் ரேட்டைச் செய்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பட்டுவாடா. இது நடக்காத காரியம் அல்ல. பெங்களூரின் கார்யா என்ற லாபநோக்கற்ற அமைப்பு, மொழித்தரவுக்குக் குரல் கொடுக்கும் கிராமத்து ஏழைகளுக்கு மணிக்கு ஏறக்குறைய 5 டாலர் கொடுப்பதாகவும், அந்தத் தரவு மறுபடி விற்றால் அதிலும் பங்கு கொடுப்பதாகவும் அறிவித்து நடத்திக் காட்டியது.

இரண்டாவது, பராமரிப்பாளர் என்று ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம். 500 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 25,000 ரூபாய். செக்கிங் வேலையை விட்டுவிட்டு ஒருவர் அந்த மாற்றியையும், நமக்கு வேண்டிய சொற்பட்டியலையும் முழுநேரமாகப் பார்க்கலாம். 500 பேரைத் திரட்ட முடியாதா? மாநாட்டுக்கு எத்தனை வேன் பிடிக்கிறோம்!

மூன்றாவது, கைமடியாகவே யாரையும் வைத்திருக்கக் கூடாது. பிழைதிருத்த வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஆறு மாதத்தில் நிரலைத் திறந்து பார்க்கணும். சொல்லித்தருவதும் கூலியுள்ள வேலையாக இருக்கணும். பெங்களூர் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு கணினி மையம் நடத்தினார்கள். தானமாக வந்த கணினிகளில் அந்தப் பிள்ளைகள் ஜிம்ப்பில் படம் வரைந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு வராது என்று சொன்னவர்களுக்கு அது பதில். வந்த பிறகு அவர்கள் எங்கே உட்கார்வார்கள் என்பதற்குத்தான் நாம் பதில் வைக்கணும்.

நான்காவது, கணக்கு. வந்த பணம், போன பணம், யாருக்கு எதற்கு என்பதெல்லாம் படிப்பகச் சுவரில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும். தெருவில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற கிழவிக்கும் புரியணும்.

ஐந்தாவது, ஒப்பந்தம். நாங்கள் திருத்திய மென்பொருள் எல்லோருக்கும் கட்டற்றதாகவே இருக்கும். அதில் மாற்றமில்லை, நம்மைப் பூட்டி வைத்தவர்கள் மாதிரி நாம் எதையும் பூட்டக் கூடாது. ஆனால் அரசு நிறுவனமோ பல்கலைக்கழகமோ தன் பழைய கோப்புகளை மாற்றித் தரச் சொன்னால், அது வேலை. வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம், ஒப்பந்தத்தில் கூலி. "தமிழுக்காகச் செய்து கொடுங்க தம்பி" என்று வருகிறவரிடம் ரேட் அட்டையை நீட்டுவோம்.

எழுத்தாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிடிபி கடையில், சங்க ஆபீஸ் பீரோவில் இப்படி எத்தனை பிளாப்பி, எத்தனை சி.டி. கிடக்கிறதோ தெரியாது. பிளாப்பியில் இருப்பது தானாகவே அழியும். அதற்கு எதிரி யாரும் வர வேண்டியதில்லை. இந்த மாதமே எடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள். படிக்க வைக்கிற வேலை எங்களுடையது. அதற்கு மாதம் 50 ரூபாய் உங்களுடையது.